பெருநாள் துணி வெட்டித் தரும் நம் பிள்ளைகள்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள்.

பெருநாள் முடிந்து இரண்டு வாரத்துக்குள், எங்கள் பாடசாலையில் படித்து வெளியேறிய மூன்று பிள்ளைகள் ஒரே புடவைக் கடையில் வேலையை விட்டுவிட்டார்கள். இரண்டு பேர் பெண் பிள்ளைகள். மற்றவர் கட்டார் போவதற்கு அலைந்து கொண்டிருக்கிறார். எந்தக் கடை என்று யாரும் கேட்க வேண்டாம். ஒரு கடையின் பெயரைச் சொன்னால் மற்றக் கடைகள் எல்லாம் தப்பித்துக் கொள்ளும்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேலை செய்ய ஏலாது" என்று ஊரில் பேசுகிறார்கள். இந்த மூவரையும் வருடக்கணக்கில் வகுப்பில் வைத்துப் படிப்பித்தவர்கள் நாங்கள். அதில் ஒரு பிள்ளை காலை ஏழரைக்கு முன்னமே வந்து வகுப்பறையைக் கூட்டி வைத்துவிட்டு இருப்பாள். அவளைச் சோம்பேறி என்று சொன்னால் நாங்கள் நம்பமாட்டோம்.

பிள்ளைகள் சொன்னது இதுதான். முன்பு துணிப் பகுதியில் மட்டும் ஏழு பேர் நின்றார்கள். 2022 நெருக்கடியில் வியாபாரம் விழுந்தபோது முதலாளி ஆட்களைக் குறைத்தார். அன்றைய நிலையில் அதைக் குறை சொல்ல முடியாது. பிறகு கூட்டம் திரும்பி வந்தது. ஆனால் ஆட்களைத் திரும்ப எடுக்கவில்லை. ஏழு பேர் செய்த வேலையை இப்போது மூன்று பேர் செய்கிறார்கள். அதைப் பார்த்து, "மூன்று பேரே போதும்தானே" என்று கணக்குப் போட்டுவிட்டார்கள்.

துணி விற்பது ரெடிமேட் உடுப்பு விற்பது போன்றதல்ல. ரோலை இறக்க வேண்டும், விரித்துக் காட்ட வேண்டும், அகலம் பார்த்து எத்தனை மீற்றர் போதும் என்று சொல்ல வேண்டும். 45 அங்குல அகலத்தில் போதாத அளவு 60 அங்குலத்தில் மிஞ்சும். பிறகு அளந்து, வெட்டி, மடித்து, பில் எழுத வேண்டும். வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது. இரண்டரை மீற்றரை அளந்து கத்தரிக்கோலை வைக்கும் நேரத்தில் நாலு பக்கமிருந்தும் "மகள், இதக் கொஞ்சம் காட்டுங்க" என்று கூப்பிட்டால் கை தவறும். தவறினால் அந்தத் துணியின் காசு பிள்ளையின் சம்பளத்தில் வெட்டப்படுகிறது. ஆள் போதாமல் வந்த நட்டத்தை, நின்று வேலை செய்தவளிடமே அறவிடுகிறார்கள்.

நிர்வாகம் அதைவிட மோசம். அரைவாசித் துணிக்கு விலை ஒட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் மேல்மாடிக்கு ஓடிக் கேட்டு வர வேண்டும். வாசலில் விலைக் கழிவு என்று பெரிய பெனர். பில் போடும் கம்பியூட்டரில் அந்தக் கழிவை ஏற்றவில்லை. சனம் ஏசுவது கவுண்டரில் நிற்கும் பிள்ளையைத்தான். நாளைக்கு லீவா வேலையா என்பது இரவு பத்து மணிக்குப் போனில் வரும். முதலாளி ஒன்று சொல்வார், மகன் வேறொன்று சொல்வார், மனேஜர் இரண்டையும் மறுப்பார். மகனார் வீட்டிலிருந்து கெமராவில் பார்த்துக் கொண்டே கோல் எடுப்பாராம்.

ஒரு பிள்ளை எங்களிடம் சொன்னாள்: "டீச்சர், கால் உளைவு கூடப் பரவாயில்ல. ரெண்டு நிமிசம் சாஞ்சு நிண்டா, ஆக்களுக்கு முன்னால வெச்சு 'ஏன் சும்மா நிக்கிறாய்' எண்டு கேக்கிறதுதான் தாங்க ஏலா."

இப்போது கணக்குக்கு வருவோம்.

காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை வேலை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் 11. ஆறு நாளைக்கு 66 மணித்தியாலம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டம் சொல்வது நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். மேலதிக வேலை வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்கு ஒன்றரை மடங்கு சம்பளம். இரண்டையும் கூட்டினால் 57. ஆக, சட்டத்தின் உச்ச வரம்பைவிட வாரத்துக்கு 9 மணித்தியாலம் கூட. அதுவும் சாதாரண மாதத்தில். நோன்பு மாதத்தில் ஏழு நாளும் வேலை. நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக் கொண்டு திரும்பக் கவுண்டருக்கு ஓடுகிறார்கள்.

இன்னொரு கணக்கு முதலாளிமாருக்கு. 2026 ஜனவரி முதல் தனியார் துறையின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் பங்கு 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். எல்லாம் சேர்த்து 34,500 ரூபா. நாளுக்கு 1,150 ரூபா. பெருநாள் காலத்தில் காத்து நிற்க முடியாமல் பக்கத்துக் கடைக்குப் போகும் குடும்பங்கள் எத்தனை என்று ஒரு நாள் வாசலில் நின்று எண்ணிப் பாருங்கள். அந்தக் குடும்பங்கள் உள்ளே நின்று வாங்கியிருந்தால், இன்னொரு ஆளின் அன்றைய செலவைச் சமாளிக்க எவ்வளவு உதவியிருக்கும்? வேலை தெரிந்த பிள்ளை போய்விட்டால், புதிய பிள்ளைக்கு அகலமும் தரமும் பழக மாதங்கள் போகும். இதையும் கணக்கில் சேருங்கள்.

உட்காருவதற்கு ஒரு ஸ்டூல் கேட்பது பெரிய விசயமா? கேரளாவில் கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் இதற்காகப் போராடினார்கள். 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021இல் தமிழ்நாடும் அப்படியே செய்தது. நம் ஊரில் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கவுண்டருக்குப் பின்னால் இரண்டு ஸ்டூல் போட்டால் முடிந்தது.

முதலாளிமாரின் சிரமமும் நமக்குத் தெரியும். வங்கிக் கடன், கடை வாடகை, புறக்கோட்டையில் ஏறி நிற்கும் மொத்த விலை, வேலை பழகியதும் வெளிநாடு போய்விடும் இளைஞர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் விலை ஒட்டுவதற்கும், லீவுப் பட்டியலை ஒரு வாரம் முன்பே தொங்கவிடுவதற்கும், பிள்ளையைத் தனியே கூப்பிட்டுத் திருத்துவதற்கும் பணம் தேவையில்லை. கூலி பற்றிய நபிமொழியை எத்தனையோ குத்பாக்களில் கேட்டிருக்கிறோம். கடையைத் திறக்கும்போது பரக்கத்துக்காக துஆ கேட்கிறோம். அந்தப் பரக்கத்தில் கவுண்டரில் நிற்பவளின் மனமும் இருக்கிறது.

சில வேண்டுகோள்கள்.

பெற்றோர்களே, பிள்ளையை வேலைக்கு அனுப்பும் முன் சம்பளம், வேலை நேரம், லீவு ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். சேமலாப நிதி உறுப்பினர் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பிரச்சினை என்றால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

வாங்கப் போகும் சகோதரிகளே, விலைக் கழிவு பில்லில் வராவிட்டால் மனேஜரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கவுண்டர்ப் பிள்ளையிடம் கோபத்தைக் காட்ட வேண்டாம். அந்தப் பெனரை அவள் கட்டவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகிகளே, வர்த்தக சங்கத்தினரே, அடுத்த ஷஃபான் மாதத்தில் முதலாளிமாரை ஒரு முறை கூப்பிட்டுப் பேசுங்கள். எத்தனை ஆள் எடுக்கிறார்கள், எத்தனை மணிக்குக் கடை பூட்டுகிறார்கள், நோன்பு திறக்க எவ்வளவு நேரம் கொடுக்கிறார்கள் என்று மூன்று கேள்வி போதும். நோன்பு தொடங்கிய பிறகு பேசி வேலையில்லை. அப்போது கடைக்குள் நிற்க இடமிருக்காது.

கட்டார் போகக் காத்திருக்கும் அந்தத் தம்பி எங்களிடம் கடைசியாகக் கேட்டது: "சேர், இதே துணி வேலைய அங்க செய்யப் போறன். இங்க மனுசனா நடத்தியிருந்தா நான் ஏன் போறன்?"

இந்தக் கேள்வியை ஊரிடமே ஒப்படைக்கிறோம்.