மருந்தின் நான்காம் கூறு

பேருந்து நிலையத்திற்குச் செல்வோர் எவரும் பெயர்ப்பலகையைப் படிக்காமல் வண்டியில் ஏறுவதில்லை. இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் வண்டி எது, ஓமலூர் வழியாக மேட்டூர் செல்லும் வண்டி எது என்று கேட்டுத் தெளிந்த பின்னரே ஏறுகின்றோம். சிறிது நேரப் பயணத்திற்கே இத்துணைக் கவனம். ஆனால் வாழ்நாள் முழுவதும் செல்லவேண்டிய வழியை முடிவு செய்யும் மேல்நிலைப் பாடப்பிரிவை மட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளை எதில் சேர்ந்தது என்று பார்த்துத் தேர்ந்துவிடுகின்றோம். பிறரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அப்பிழையைச் செய்தவருள் யாமும் உளோம். அதனை வெளிப்படையாகச் சொல்வது மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படும் என்னும் எண்ணமே எம்மை எழுதத் தூண்டிற்று.

எம் தமக்கையை மணம் முடித்துக் கொடுத்த ஊர் நாமக்கல். மச்சான் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் தச்சு வேலை செய்பவர். இருவரும் உயர்நிலைப் பள்ளியைத் தாண்டாதவர்கள். குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவர் யாம் மட்டுமே. ஆதலால் படிப்புத் தொடர்பான எதற்கும் "தம்பியைக் கேட்டுச் செய்வோம்" என்பது அவ்வீட்டின் வழக்கமாயிற்று. எம்.ஃபில். படித்தவருக்குத் தெரியாதது ஒன்றும் இராது என்று அவர்கள் நம்பினார்கள். நாளடைவில் அதனை யாமும் நம்பத் தொடங்கினோம். பிழையின் வேர் அங்கேதான் இருந்தது.

2013ஆம் ஆண்டில் எம் தாயாருக்குச் சர்க்கரை நோயால் காலில் புண் உண்டாயிற்று. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில வாரங்கள் தங்கிச் சிகிச்சை பெற்று, பின்னர்த் தமக்கை வீட்டிற்குச் சென்றார். நாள்தோறும் கட்டு மாற்ற வேண்டியிருந்தது. அப்பணியைப் பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த தமக்கை மகள் தானே ஏற்றுக்கொண்டாள். வார்டில் இருந்த செவிலியர் ஒருவர் கை கழுவும் முறையையும், புண்ணின் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்கும் முறையையும் அவளுக்குப் பொறுமையாகக் கற்பித்திருந்தார். அவளோ அதனோடு நில்லாமல், பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் நாள், புண்ணின் நிறம், வாடை, சுற்றுத்தோலின் சிவப்பு ஆகியவற்றை எழுதி வைத்தாள். மறுமுறை சென்றபோது அந்தக் குறிப்பேட்டைப் பார்த்த செவிலியர், "இதை எழுதியது யார்?" என்று கேட்டாராம். "என் பேத்தி" என்று எம் தாயார் பெருமையோடு சொன்னாராம்.

2014ஆம் ஆண்டு மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண். "மாமா, நான் நர்ஸ் படிப்புக்குப் போகட்டுமா?" என்று அவள் கேட்டாள். யாம் சிரித்தோம். "இந்த மதிப்பெண்ணுக்குக் கம்ப்யூட்டர் படிக்க வேண்டியதுதானே? வேண்டுமானால் அதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் அறிவியல் பிரிவுதானே!" என்று விடை சொன்னோம். தமக்கையும் மச்சானும் தலையசைத்தார்கள். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் ஆகிய நான்கு பாடங்களும் அமைந்த பிரிவில் அவளைச் சேர்த்தோம். அப்பட்டியலில் உயிரியல் இல்லை என்பது எம் கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் அதன் பொருள் எமக்கு விளங்கியிராது.

இங்கு ஒரு செய்தியை நினைவூட்டல் வேண்டும். 1978ஆம் ஆண்டில் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வருமுன், பள்ளியிறுதித் தேர்வுக்குப் பின் கல்லூரியில் புகுமுக வகுப்புப் படித்தனர். பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது கல்லூரி ஆசிரியர் அருகில் இருந்தார். இன்று அத்தேர்வு பதினைந்து வயதில், பள்ளி அலுவலக வாசலில், ஒரு படிவத்தின் முன் நிகழ்கின்றது. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் பட்டப்படிப்பிற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவற்றை மேல்நிலையில் படித்திருத்தல் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. உயிரியலுக்கு ஈடாகத் தாவரவியல், விலங்கியல் என்னும் இரு பாடங்கள் அமைந்த பிரிவும் உண்டு. கணிதத்தோடு உயிரியல் சேர்ந்த பிரிவும் உண்டு. உயிரியல் இல்லாத பிரிவில் அவ்வாயில் அடைபட்டுவிடுகின்றது. 'அறிவியல் பிரிவு' என்னும் ஒரே பெயரின்கீழ் இத்தனை வேறுபாடு உண்டு என்பதை அறியாமல் யாம் அறிவுரை சொன்னோம்.

2016ஆம் ஆண்டு கோடையில், மேல்நிலைத் தேர்வில் நல்ல மதிப்பெண்ணோடு தேறிய அவளை அழைத்துக்கொண்டு விண்ணப்பம் வாங்கச் சென்றோம். பொறியியலில் சேரலாம் என்று யாம் எவ்வளவோ சொல்லியும் அவள் மனம் மாறவில்லை. அலுவலர் மதிப்பெண் சான்றிதழை மேலும் கீழும் பார்த்தார். "உயிரியல் எங்கே, ஐயா?" என்றார். யாம் பேச வாயெடுத்தோம், சொல் வரவில்லை. திரும்பி வரும் பேருந்தில் அவள் சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இராசிபுரம் தாண்டிய பின் ஒன்றே ஒன்று சொன்னாள்: "நான் அப்போதே கேட்டேனே, மாமா." அதில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு யாம் உறங்கவில்லை. எத்தனையோ ஆண்டுகளாக யாம் வகுப்பில் நடத்திவரும் பாடம் எம் முன் வந்து நின்றது. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறள், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்கின்றது: நோயுற்றவர், நோய் தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர். நான்காம் கூறாகிய அவரின்றி ஏனைய மூன்றும் நிறைவுறா என்று மாணவர்க்குக் கை நீட்டி விளக்கியிருக்கின்றோம். தொல்காப்பியம் செவிலிக்குத் தந்துள்ள இடத்தையும், நற்றாய்க்கு நிகராகச் சங்க அகப்பாடல்களில் அவள் பேசுவதையும் விரித்துரைத்திருக்கின்றோம். அந்த நான்காம் கூறு எம் வீட்டிலேயே குறிப்பேட்டோடு அமர்ந்திருந்தபோது யாம் அடையாளம் காணவில்லை. மதிப்பெண் மிகுந்தவள் செய்யத்தக்க பணி அன்று என்று எம் உள்ளம் எண்ணியதே காரணம். அறியாமையினும் அந்த எண்ணமே பெரிய குற்றம்.

மறுநாள் முதல் கேட்க வேண்டியவர்களைத் தேடிச் சென்று கேட்டோம். பட்டப்படிப்பு அன்றி, ஜி.என்.எம். என்னும் பட்டயப் படிப்பு ஒன்று உண்டு என்றும், அதற்கு அறிவியல் படித்தோர் விரும்பத்தக்கவர் எனினும் உயிரியல் கட்டாயமில்லை என்றும், மூன்றாண்டு பயின்று பதிவு பெற்ற பின் மேலும் ஈராண்டு படித்துப் பட்டம் பெறலாம் என்றும் அறிந்தோம். நான்காண்டில் முடிவது ஐந்தாண்டு ஆகும். அந்த ஓராண்டும் அதற்கான செலவும் எம் அறிவுரையின் விலை.

அப்போது உறவினருள் பெரியவர் ஒருவர் மறுப்புக் கூறினார். "இரவுப் பணி, ஆண்கள் வார்டு, நம் வீட்டுப் பெண்ணுக்கு இது தேவையா?" என்றார். அவர் கவலையை இழிவாகக் கொள்ள இயலாது; பெண் மக்கள்மீது உள்ள அக்கறையே அவ்வாறு பேசிற்று. யாம் வரலாற்றை எடுத்துச் சொன்னோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் ருஃபைதா (ரலி) என்னும் அம்மையார், காயமுற்றோருக்குப் பணிவிடை செய்தார் என்றும், ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போரில் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், மதீனாப் பள்ளிவாசலில் அமைந்த அவரது கூடாரத்தில் வைத்துப் பேணப்பட்டார் என்றும் வரலாற்று நூல்கள் கூறுவதை நினைவூட்டினோம். பெரியவர் வாய் திறக்கவில்லை. உண்மையில் வழக்கைத் தீர்த்தவர் எம் தாயாரே. கட்டிலில் இருந்தவாறே தம் காலைக் காட்டி, "இது இருப்பது இந்தப் பிள்ளையின் கையால், போகட்டும்" என்றார். பேச்சு அதனோடு முடிந்தது.

முதலாண்டு கடினமாகவே இருந்தது. உடற்கூற்றியலும் உடலியங்கியலும் உயிரியல் படித்து வந்த தோழியர்க்குப் பழகிய ஊர்போல் இருந்தன. அவளுக்கோ ஒவ்வொரு சொல்லும் புதிது. இருந்தும் அவள் கற்ற கணிதம் வீண்போகவில்லை. 500 மில்லி திரவத்தை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாய். நிமிடத்திற்கு எத்தனை சொட்டு? பத்தாயிரம் சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 21. இத்தகைய கணக்கைத் தோழியர்க்கு அவள் சொல்லிக் கொடுத்தாள். அவர்கள் அவளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தார்கள்.

2019இல் படிப்பு முடிந்தது. மறு ஆண்டே கொரோனாப் பெருந்தொற்று வந்தது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணியிலிருந்த அவள் வாரக்கணக்கில் வீட்டிற்கு வரவில்லை. உறவினர் நெருங்க இயலாத நோயாளிகளின் முகத்தருகே கைப்பேசியை ஏந்திப் பிள்ளைகளோடு பேச வைத்ததைப் பின்னாளில் ஒருமுறை சொன்னாள். முன்பு மறுப்புக் கூறிய அதே பெரியவர், தம் விரலில் மாட்டிய கருவி காட்டிய எண்ணைப் படித்து, "இது சரியா, அம்மா?" என்று அவளைத்தான் கேட்டார். "94க்குக் கீழே இறங்கினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்" என்றாள். அவர் அவ்வாறே செய்து நலம் பெற்றார். 2023இல் அவள் பட்டமும் பெற்றாள். எம் தாயார் அதனைக் காண இல்லை. அந்தப் பழைய குறிப்பேடு மட்டும் தமக்கை வீட்டு அலமாரியில் இருக்கின்றது.

மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே! பாடப்பிரிவின் பெயரைக் கேட்டு அமைதி அடைய வேண்டாம். அதனுள் உள்ள பாடங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பிள்ளை செல்ல விரும்பும் படிப்பின் தகுதி விதியை மறுபக்கம் எழுதுங்கள். இரண்டையும் ஒப்பிட்ட பின்னரே படிவத்தில் கையொப்பமிடுங்கள். தொழிற்பிரிவில் செவிலியம் என்று பெயர் இருந்தாலும், பட்டப்படிப்பு கேட்கும் பாடங்கள் அதில் உளவா என்று உசாவுங்கள். அந்தத் துறையில் பணிபுரிவோர் ஒருவரையேனும் நேரில் கண்டு பேசுங்கள். எல்லாவற்றிற்கும் முன், பிள்ளை என்ன கேட்கின்றது என்பதைச் சிரிக்காமல் கேளுங்கள்.

இப்போதும் சூன் மாதம் வந்தால் எம்மிடம் யோசனை கேட்டுச் சிலர் வருகின்றார்கள். இலக்கியம் பற்றியதாயின் விடை சொல்கின்றோம். ஏனையவற்றிற்கு, "எமக்குத் தெரியாது, தெரிந்தவரைக் கேட்போம்" என்கின்றோம். செவிலியர் படிப்பு என்றால் தமக்கை மகளின் எண்ணைத் தருகின்றோம். அவள் எத்தனை களைப்பிலும் பேசுகின்றாள். முதலில் கேட்பது எப்போதும் ஒன்றே: "உயிரியல் இருக்கிறதா?"

இனி வரும் பிள்ளைகளுக்கேனும் வழி தவறாமல் இருக்க வல்ல இறைவன் அருள்வானாக.