கல் நட்டார்கள்... சாலை வரவில்லை!

சேலத்திலிருந்து சென்னைக்கு ரோடு மார்க்கமாகப் போக இரண்டு பெரிய வழிகள். கிருஷ்ணகிரி, வேலூர் சுற்றிப் போகலாம். இல்லையென்றால் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம். எப்படிப் போனாலும் ஞாயிறு ராத்திரி பஸ் ஏறினால் திங்கள்கிழமை ஆபீஸில் கொட்டாவிதான்!

மூன்றாவதாக ஒரு வழியை 2018-ல் வரைபடத்தில் போட்டார்கள். 277 கிலோமீட்டர், எட்டு வழி, செலவு சுமார் 10,000 கோடி ரூபாய். இரண்டேகால் மணி நேரத்தில் சென்னை என்றார்கள். (எங்கள் ஆபீஸில் ஒரு ஃபைல் பக்கத்து மேஜைக்குப் போக இதைவிட அதிக நேரமாகும்.) காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் என ஐந்து மாவட்டங்களின் வயல்கள் வழியாகக் கோடு போட்டார்கள். அந்த இல்லாத சாலையை ஒட்டிப் போய்ப் பார்ப்போமே என்று நண்பனும் நானும் பைக்கில் கிளம்பினோம்.

அயோத்தியாப்பட்டணம் தாண்டியதும் காற்றே மாறிவிடுகிறது. இடது பக்கம் சேர்வராயன் மலை கூடவே வருகிறது. மஞ்சவாடி கணவாயைக் கடந்தால் தர்மபுரி மாவட்டம். தென்னை, மரவள்ளி, மஞ்சள், நடுநடுவே கிணறுகள். இங்கே நிலத்தின் விலையைக் கேட்டால், 'ஏக்கர் என்ன விலை' என்று சொல்வதற்கு முன்னால் 'கிணத்துல தண்ணி உண்டு' என்கிறார்கள். கிணறு போய்விட்டால் மிச்ச நிலம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அரூர் போகும் வழியில் ஒரு டீக்கடை. எட்டு வழிச்சாலை என்று வாயெடுத்ததுமே பெஞ்சில் இருந்த பெரியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"சர்வே ஆளுங்களா தம்பி?"

"இல்லீங்கய்யா, சும்மா சுத்திப் பாக்க வந்தோம்."

"அப்படித்தான் அவங்களும் சொன்னாங்க!"

கடையே சிரித்தது. எங்களுக்குத்தான் டீ தொண்டையில் நின்றது.

2018 ஜூன் மாதம் போலீஸ் பாதுகாப்போடு வந்து அளந்து கல் நட்டார்கள். 'என் நிலத்தில் என்னைக் கேட்காமலா?' என்று நமக்குத் தோன்றும். சட்டம் என்ன சொல்கிறது? 1956-ம் வருடத்து தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, நிலம் வேண்டும் என்று மத்திய அரசு முதலில் அறிவிக்கும். ஆட்சேபம் சொல்ல உங்களுக்கு 21 நாள். அதை நிராகரித்து அடுத்த அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் அரசுடையது. பணம் எவ்வளவு என்பது பிறகு. தொகை போதாது என்று நடுவரிடம் போகலாம். அந்த நடுவரை நியமிப்பதும் மத்திய அரசே! கல்யாணத்துக்குப் பெண்ணைக் கேட்காமல் தேதி குறித்துவிட்டு, புடவை கலரை மட்டும் கேட்கிற கதை.

சொத்துரிமை அடிப்படை உரிமையாக இருந்த காலம் உண்டு. 1978-ல் 44-வது திருத்தம் அதை எடுத்துவிட்டது. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் சொத்தைப் பறிக்கக்கூடாது என்ற அளவில்தான் இப்போது பாதுகாப்பு. 2013-ம் வருடச் சட்டத்தால் நஷ்டஈடு நன்றாகவே உயர்ந்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தில் உள்ள சமூகப் பாதிப்பு ஆய்வு தேசிய நெடுஞ்சாலைக்குக் கிடையாது. சாலையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, நானும் பஸ்ஸில் முதுகு ஒடிந்தவன்தான். கேட்கிற விதம்தான் உறுத்துகிறது.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழல் அனுமதி வாங்குவதற்கு முன்பே அறிவிப்பு வெளியிடலாம் என்று சொல்லி அதை மாற்றியது. ஒன்றை மட்டும் மாற்றவில்லை. 'நிலம் வேண்டும்' என்ற முதல் அறிவிப்பை வைத்தே வருவாய்த் துறைப் பதிவுகளில் பெயரை மாற்றியிருந்தார்களே, அதைப் பழையபடி உரியவர் பெயருக்கே திருத்த வேண்டும் என்ற உத்தரவு அப்படியே நின்றது.

பெரியவருக்கு இந்தத் தீர்ப்பெல்லாம் அத்துப்படி.

"நடுவுல ஒரு ஏக்கர வித்துப் பொண்ணு கல்யாணத்த முடிக்கலாம்னு பாத்தேன். கல்லு நட்ட பூமின்னு ஒருத்தனும் கிட்ட வரல. கடைசில வட்டிக்கு வாங்கித்தான் முடிச்சேன்."

"இப்ப நிலம் உங்க பேர்லதானே இருக்கு?"

பெரியவர் பதில் சொல்லாமல், கல்லாப்பெட்டி அருகில் நின்ற பேரனைக் கூப்பிட்டார். பையன் செல்போனை எடுத்து, சர்வே நம்பரை மனப்பாடமாகத் தட்டினான். பட்டா வந்தது. பெரியவர் கண்ணைச் சுருக்கி, விரலை வைத்துத் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"மாசம் ஒருக்கா பாத்துருவோம்" என்றான் பையன்.