புதுக்கோட்டைச் சாலைகளில் ஒரு பழைய அம்பாசடர்

புதுக்கோட்டை நகருக்குள் முதன்முறையாக நுழைகின்றவர்கள் அதன் வீதிகளைக் கண்டு வியப்படைவார்கள். நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் ராஜ வீதிகளும், அவற்றையொட்டி இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என எண்ணிட்டு அமைந்த தெருக்களும், சமஸ்தானத்தின் நிர்வாகத்தை 1878 முதல் 1894 வரை ஏற்று நடத்திய சேஷையா சாஸ்திரியாரின் காலத்தில் திருத்தி அமைக்கப்பட்டவை. சமஸ்தானம் 1948ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974 ஜனவரி 14ஆம் நாள். மன்னர்களின் வண்டிகள் சென்ற அவ்வீதிகளில், நல்ல வேளையாக, மாட்டு வண்டிக்கும் மோட்டாருக்கும் ஒருசேர இடம் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இந்நகரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பழைய அம்பாசடர் கார்கள் இன்னமும் சில ஓடிக்கொண்டிருக்கின்றன. இங்கிலாந்து நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை முன்மாதிரியாகக் கொண்டு, வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் செய்துவந்த வண்டி அது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு அதன் உற்பத்தி நின்றுபோயிற்று. எனவே இன்று சாலையில் காணும் ஒவ்வோர் அம்பாசடரும் பத்து வயதைத் தாண்டியதே. நாம் பயணம் செய்த கார் நாற்பதையும் தாண்டியது.

அதன் உரிமையாளர் நம் நண்பர். கீரனூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த விவசாயி. அவர் அதைப் பெருமைக்காக வைத்திருக்கவில்லை. நள்ளிரவில் எவருக்கேனும் பேறுகால வலி எடுத்தாலும், பாம்பு தீண்டினாலும், முதலில் தட்டப்படுவது அவர் வீட்டுக் கதவுதான். அவசர ஊர்தி வந்து சேருமுன் இந்த வண்டி பாதி வழியைக் கடந்திருக்கும் என்பது அவ்வூராரின் கணக்கு. அத்தகைய வண்டிக்கு விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்பது அற்ப விஷயமன்று.

அவரோடு ஆவூருக்குச் சென்றோம். ஆவூரைப் பற்றி நம் குடும்பங்களுக்கு நீண்ட அறிமுகம் தேவையில்லை. மதுரை மிஷன் காலத்து மூத்த தலங்களுள் ஒன்று. இப்போதுள்ள பெரியநாயகி மாதா ஆலயம் 1747இல் கட்டப்பட்டது. தேம்பாவணி தந்த வீரமாமுனிவரின் காலடி பட்ட மண். செம்மண் பூமி, சுற்றிலும் கண்மாய்களும் கருவேலங்காடும் பனைகளும். மாலை வெயில் ஆலய முகப்பில் படும் அழகைக் கண்டு நின்றதில் பொழுது சாய்ந்துவிட்டது.

திரும்பும் வழியில்தான் முகப்பு விளக்குகள் தம் குணத்தைக் காட்டத் தொடங்கின. இடப்பக்க விளக்கு மஞ்சள் பூத்து அகல்விளக்குப்போல் எரிந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும் போதெல்லாம் இரு விளக்குகளும் ஒரு கணம் மங்கி மீண்டும் தெளிந்தன. உள்ளே இலேசாக ரப்பர் கருகும் வாடை. நண்பர் உடனே வண்டியை ஓரமாக நிறுத்தி, பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றிவிட்டார். முதலில் எர்த்தைக் கழற்ற வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. மற்ற முனையை முதலில் தொட்டால், கையிலுள்ள ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டுவிடும் நேரத்தில் பெரும் பொறி பறக்கும். எர்த் கழன்றபின் அந்த அபாயம் இல்லை. வாடை அடங்கியது. அன்றிரவு அருகிலிருந்த ஊரில் தங்கி, விடிந்தபின் விளக்கில்லாமலே நகருக்கு வந்து சேர்ந்தோம்.

நாம் சென்ற பட்டறை ஓட்டுச் சார்ப்புக்குக் கீழே ஒரு மர மேசையும் நான்கைந்து பழைய டைனமோக்களும்தான். எலக்ட்ரீஷியனுக்கு அறுபது வயதிருக்கும். எடுத்த எடுப்பில் பல்பையோ பேட்டரியையோ மாற்றச் சொல்லவில்லை. "எர்த்தைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள் ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஓர் ஒயரின் நுனியில் பல்பு பொருத்திய டெஸ்ட் லாம்பைக் கையில் எடுத்தார். அரை நாள் அவர் அருகே அமர்ந்து கண்டவற்றை வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

வீட்டு மின்சாரத்தில் போக ஒரு கம்பியும் வர ஒரு கம்பியும் உண்டு. காரிலோ திரும்பி வரும் வழி, வண்டியின் இரும்பு உடலே. பல்பின் ஒரு முனைக்கு ஒயர் வரும். மறுமுனை உடலைத் தொட்டு, அதன் வழியே மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். இதைத்தான் எர்த் என்கிறார்கள். புது வண்டியில் இது சிறந்த ஏற்பாடு. நாற்பது ஆண்டு மழையும் தூசியும் பட்ட வண்டியில், விளக்குக் கூடு உடலோடு சேரும் திருகில் துரு ஏறியிருக்கும். மேலே மூன்று முறை பெயிண்டு அடித்திருப்பார்கள். மின்சாரம் வருவதற்குப் பாதை உண்டு, திரும்பிச் செல்லப் பாதை இல்லை. அப்போது அது வேறு பல்புகளின் வழியே சுற்றிக்கொண்டு போகப் பார்க்கும். இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கும் சேர்ந்து கண் சிமிட்டுகிறதென்றால், குற்றம் பெரும்பாலும் எர்த்தில்தான்.

அவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றதை மங்கிய விளக்கின் கூட்டிலும் வைத்தார். விளக்கு எரியும்போது அங்கே ஏறக்குறைய ஒன்றும் காட்டக் கூடாது. இரண்டு வோல்ட் காட்டியது! 12 வோல்ட் விளக்குக்குப் பத்து வோல்ட்டே கிடைத்தால் வெளிச்சம் ஆறில் ஒரு பங்கு குறையும் என்றுதான் நாம் எண்ணுவோம். உண்மையில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். திருகைக் கழற்றி, துருவையும் பெயிண்டையும் உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பான இரும்பின்மேல் மீண்டும் முடுக்கி, மேலே சிறிது வாசலின் தடவினார். செலவு ஒன்றுமில்லை, விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது.

வோல்ட் என்றோம். 1800ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கைச் செய்து காட்டிய இத்தாலியர் அலெஸ்ஸாந்திரோ வோல்டாவின் பெயரால் வந்த அளவு அது. ஆம்பியர் என்பது பிரெஞ்சு அறிஞர் ஆம்பேரின் பெயர். இருவருமே பக்தியுள்ள கத்தோலிக்கர்கள் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிந்து வைத்துக்கொள்வது நல்லது.

பள்ளத்தில் விளக்கு மங்கியதும் கருகிய வாடையும் வேறு கதை. இதற்கு அவர் ஒயர்களின் நிறங்களை வழிகாட்டியாகக் கொண்டார். இங்கிலாந்து லூகாஸ் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வேலை உண்டு. பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் வருவது பழுப்பு, சாவி திருகியபின் உயிர் பெறுவது வெள்ளை, அதே வெள்ளை பியூஸைக் கடந்தால் பச்சை, முகப்பு விளக்குகளுக்கு நீலம், சிறு விளக்குகளுக்கும் பின் விளக்குகளுக்கும் சிவப்பு, எர்த் கறுப்பு. அழுக்கேறிய ஒயர்களைத் துணியால் துடைத்து, "இந்தப் பச்சை இங்கே பிறந்தது, அங்கே போகிறது" என்று குடும்ப வழி சொல்வதுபோல் அவர் தொடர்ந்து சென்றது கண்கொள்ளாக் காட்சி. டாஷ்போர்டுக்குப் பின்னால் இந்தக் குடும்பத்தில் சேராத ரோஜா நிற ஒயர் ஒன்று அகப்பட்டது.

அது மாதா படத்தின் விளக்குக்குச் சென்ற ஒயர். ஏதோ ஒரு திருவிழாவின்போது படத்துக்குக் கீழே சிறு பல்பு ஒன்றை வைத்து, விளக்குச் சுவிட்சிலிருந்து கிளை பிரித்து முறுக்கிவிட்டிருக்கிறார்கள். நாளடைவில் அது ஒரு தகட்டின் விளிம்பில் உரசி உரசித் தோல் போய், வண்டி குலுங்கும் போதெல்லாம் இரும்பைத் தொட்டிருக்கிறது. தொட்ட கணத்தில் பேட்டரியின் வலு முழுவதும் அந்த மெல்லிய ஒயர் வழியே பாய்கிறது. அதனால் முகப்பு விளக்குகள் மங்கின; ஒயர் கருகியது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இப்பழைய முறை வண்டிகள் பலவற்றில் இரண்டே பியூஸ்கள்தாம்; முகப்பு விளக்கின் பாதையில் பியூஸே கிடையாது. ஓடும்போது திடீரென இருளாகிவிடக் கூடாதே என்று அப்படி அமைத்தார்கள். ஆகவே அந்தப் பாதையில் கிளை பிரிப்பது, காவலில்லாத வாசலைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். பெட்ரோல் வண்டியில் கருகும் ஒயர் எதில் முடியக்கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இருந்த பியூஸ்களில் ஒன்றும் பியூஸாக இல்லை. சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாள் சுற்றப்பட்டிருந்தது. பியூஸ் அடிக்கடி போகிறதென்றால் எங்கோ ஒயர் தோலுரிந்திருக்கிறது என்று பொருள். தாளைச் சுற்றிவிட்டால் செய்தி சொல்ல வந்தவனின் வாயைக் கட்டியதாகிறதேயொழிய நோய் தீர்வதில்லை.

டைனமோவைப் பற்றியும் ஒரு சொல். பிற்கால வண்டிகளின் ஆல்டர்னேட்டர் போலன்றி, டைனமோ மெதுவான ஓட்டத்தில் சார்ஜ் கொடுப்பதில்லை. அப்போது சிவப்பு விளக்கு எரிவது இயல்பே. தேர்ப்பவனிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்து செல்லும்போது முகப்பு விளக்குகளை எரியவிட்டால், 45 வாட் பல்புகள் இரண்டும் ஏழரை ஆம்பியரைப் பேட்டரியிலிருந்தே குடிக்கும். பின்னர் செல்ப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும்போது பேட்டரி கைவிரிக்கும். புதுப் பேட்டரி வாங்குமுன் விசிறிப் பட்டையின் தளர்வையும், பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியையும் பார்த்துவிடலாம். பொடியை வெந்நீரில் சமையல் சோடா கரைத்துக் கழுவினால் போகும்.

இதே மாவட்டத்துக்குள் நோய்கள் ஊருக்கு ஊர் மாறுகின்றன என்பது அவர் சொல்லி நாம் அறிந்தது. நார்த்தாமலை, திருமயம் பக்கத்துக் கற்பாறை நாட்டில் தூசிதான் பகை, சுவிட்சுகளுக்குள் புகுந்துவிடும். அறந்தாங்கியைத் தாண்டி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடலோரம் போனால் உப்புக் காற்று. செம்புக் கம்பி தோலுக்குள்ளேயே பச்சை பூத்து நொறுங்கும். வெளியே ஒயர் நன்றாகவே தோன்றும், வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆலங்குடி, வடகாடு பக்கம் பலாவும் வாழையும் மண்டிய தோப்புகளில் வண்டி நிறுத்துவோர்க்கு எலியும் அணிலும். ஆதனக்கோட்டையில் சாலையோரம் முந்திரிப்பருப்பு வறுத்து விற்கும் தாய்மார்களிடம் வண்டியை நிறுத்துவோர்க்கு மட்டும் யாதொரு நோயும் இல்லை, பணப்பைதான் இளைக்கும்.

பிற்பகலில் வேலை முடிந்தது. தோலுரிந்த ஒயரை அகற்றிவிட்டு, மாதா படத்தின் விளக்குக்குத் தனிப் பாதை போட்டு, இடையே 2 ஆம்பியர் பியூஸ் ஒன்றை வைத்தார். ஐந்து வாட் பல்பு அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதற்கு அதுவே தாராளம். துளை வரும் இடத்தில் ரப்பர் வளையம் ஒன்றையும் மறக்காமல் பொருத்தினார். கூலி கேட்டதற்கு, இரவில் நோயாளிகளை ஏற்றிச் செல்லும் வண்டி என்று நண்பர் முன்பே சொல்லியிருந்ததாலோ என்னவோ, பியூஸுக்கும் ஒயருக்கும் மட்டுமே வாங்கிக்கொண்டார். அடுத்த வண்டி ஒன்று அதற்குள் வாசலில் வந்து நின்றது. அதன் ஹாரன் நிற்காமல் அலறிக்கொண்டிருந்தது.