139 ஆட்டங்கள்

ஜூன் 3, சனி

காலையில் நியூசிலாந்தின் ஹாமில்டனிலிருந்து கிளம்பி, தெற்கே ஒரு மணி நேரத்தில் தே குய்ட்டி. வழி நெடுக மேடும் பள்ளமுமாய்ப் புல்வெளி, ஆட்டு மந்தைகள். ஆட்டு ரோமம் கத்தரிப்பதில் உலகத் தலைநகர் என்று பெருமை பேசும் ஊர் இது. ரோமம் கத்தரிப்பவருக்கே இங்கே ஏழு மீட்டர் உயரத்தில் சிலை உண்டு. நான் தேடி வந்தது ரோரா தெருவில் இருக்கும் மற்றொரு சிலையை: பந்தோடு ஓடிவரும் ரக்பி வீரர் காலின் மீட்ஸ். 1936-இல் இதே நாளில்தான் பிறந்தார்.

பந்தைப் பற்றியிருந்த அந்த ஒற்றைக் கை விரல்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ரக்பிப் பந்தை மற்றவர்கள் பலரும் இரு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். இவர் கையில் அது உரித்த தேங்காய் மாதிரி அடங்கிக் கிடக்கிறது. 2017 ஜூனில் சிலையைத் திறந்தபோது, கணையப் புற்றுநோயோடு அவரே வந்திருந்தார். ஆகஸ்ட் 20-இல் காலமானார்.

ஜூன் 4, ஞாயிறு

ராத்திரி தூக்கம் வராமல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். நியூசிலாந்தின் கறுப்புச் சட்டையில் மீட்ஸ் ஆடியவை 133 ஆட்டங்கள். அதில் 55 டெஸ்ட் எனப்படும் சர்வதேச ஆட்டங்கள். கிங் கன்ட்ரி என்ற தன் மாகாண அணிக்கு ஆடியவை 139. இந்த ஆறு ஆட்ட வித்தியாசத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு அவர் வாழ்க்கையே அதில்தான் இருக்கிறது.

கிங் கன்ட்ரி சின்ன அணி. இந்தப் பகுதி, வைகாட்டோ போரில் தோற்ற மாவோரி அரசர் தாஃபியாவோ தன் மக்களோடு வந்து தங்கிய பூமி. பெயரும் அப்படி வந்ததுதான். சிதறிக் கிடக்கும் பண்ணைகளிலிருந்து பதினைந்து பேரைத் திரட்டி, ஆக்லாந்து போன்ற பெரிய அணிகளோடு மோத வேண்டும். 1955-இல், 19 வயதில், கவுண்டீஸ் அணிக்கு எதிராக மீட்ஸ் முதன்முதலில் இறங்கினார். அவர் ஆடிய இடம் லாக். ஸ்க்ரம்மில் இரண்டாவது வரிசையில் தோள் கொடுத்து முட்டித் தள்ளுவது, லைன்-அவுட்டில் எகிறிப் பந்தைப் பறிப்பது, இதுதான் லாக்கின் வேலை. அந்தப் பையனோ அன்றைக்கு எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் ஊன்றி ஒரு டிரை போட்டதோடு நிற்காமல், பந்தைத் தரையில் தட்டி எழும்போது உதைத்து, கம்பங்களுக்கு நடுவே ஒரு டிராப் கோலும் அடித்துவிட்டான்!

1966-இல் வாங்கனுயியும் கிங் கன்ட்ரியும் சேர்ந்த அணி, பிரிட்டன், அயர்லாந்திலிருந்து வந்த லயன்ஸை 12-6 என்று தோற்கடித்தது. அன்று இந்த மலைப்பக்கத்து வீடுகள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு விம்முகிறது.

ஜூன் 5, திங்கள். அரசர் பிறந்தநாள் விடுமுறை

ஆடியதற்குச் சம்பளம் கிடையாது. ரக்பி யூனியனில் 1995 வரை அதுதான் சட்டம். சாப்பாடு போட்டது பண்ணை. தம்பி ஸ்டானும் கறுப்புச் சட்டைக்காரர், 15 டெஸ்ட். அவர் 1966-இல் சர்வதேச ஆட்டத்தை விட்டார். அண்ணன் மேலும் ஐந்து வருடம் ஆடினார். அண்ணன் மாதக்கணக்கில் கடல் கடந்து போனால் ஆடுகளை யாராவது பார்த்தாக வேண்டுமே. சிலை ஒருவருக்கு, அதைத் தாங்கிய தோள்கள் பல.

1970-இல் தென்னாப்பிரிக்காவில், கிழக்கு டிரான்ஸ்வால் அணியோடு மோதும்போது மீட்ஸின் கை எலும்பு முறிந்தது. முறிந்த கையோடு கடைசிவரை ஆடினார். மூன்றாவது டெஸ்டில் கையில் காப்புக் கட்டிக்கொண்டு திரும்பவும் இறங்கினார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 1971 டிசம்பர். வண்டி கவிழ்ந்து முதுகில் பலத்த காயம். வயது 35. லயன்ஸுக்கு எதிராக நாட்டு அணித் தலைவராகவும் இருந்தாயிற்று. இனி நிரூபிக்க என்ன இருக்கிறது? அடுத்த வருடம் எழுந்து வந்து மறுபடி கிங் கன்ட்ரி சட்டையை மாட்டிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. 1968, சிட்னி. வீரர்களின் குவியலுக்கு அடியில் சிக்கிக் கிடந்த ஆஸ்திரேலியத் தலைவர் கென் கேட்ச்போலின் காலைப் பிடித்து மீட்ஸ் இழுத்தார். தொடைத் தசை கிழிந்தது. கேட்ச்போலின் டெஸ்ட் வாழ்க்கை அங்கேயே முடிந்தது. வேண்டுமென்று செய்ததல்ல என்பவர்கள் உண்டு. இருக்கலாம். ஆனாலும் அந்தக் காலும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். மீட்ஸை நேசிப்பவன் என்பதால்தான் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 10, சனி

இன்றும் தெற்கே போனேன், ஒரு கிளப் ஆட்டம் பார்க்க. மழைத் தூறல். கம்பிவேலி ஓரம் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, கண்ணாடி துடைப்பானை ஓடவிட்டபடி உள்ளிருந்தே பார்க்கிறார்கள். டிரை விழுந்தால் கைதட்டலுக்குப் பதில் ஹாரன்.

இந்தப் பையன்களில் நன்றாக ஆடுகிறவன் மாகாண அணிக்குப் போவான். இப்போது கிங் கன்ட்ரி ஆடுவது ஹார்ட்லாண்ட் போட்டியில். சிறிய மாகாணங்கள் பன்னிரண்டு, பெரும்பாலும் வேலைக்குப் போய்க்கொண்டே ஆடுகிறவர்கள். அங்கே ஜெயிக்கும் கோப்பைக்கு மீட்ஸ் பெயர்தான்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு லாக் பையனைப் பார்த்தேன். காது மடல் இரண்டையும் அழுத்திச் சுற்றியிருந்த டேப்பை உரிக்கிறான். கூடவே முடியும் பிய்ந்து வருகிறது, முகத்தைச் சுளிக்கவில்லை. பூட்ஸைக் கழற்றி ஒன்றோடொன்று தட்டிச் சேற்றை உதிர்த்தான். வண்டியின் பின்தட்டில் கட்டியிருந்த இரண்டு நாய்களும் அவனைக் கண்டு குதித்தன. யாரோ பீர் குடிக்கக் கூப்பிட்டார்கள். இருட்டுவதற்குள் மந்தையை மேட்டுக்கு ஏற்ற வேண்டும், வந்துவிடுகிறேன் என்று கையசைத்துவிட்டு, ஆட்டச் சட்டையோடேயே வண்டியைக் கிளப்பினான்.