வசைச்சொல்லாக மட்டும் எங்களுக்குத் தெரிந்த உறுப்பு

குதத்துக்குத் தமிழில் சொல் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பஸ் ஸ்டாண்ட் சண்டையில், கிரிக்கெட் மட்ச்சில், கம்பஸ் ராகிங்கில் என்று ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அந்தச் சொற்களைக் கேட்கிறோம். ஆனால் அதே இடத்தில் ஒரு நோ வந்து டொக்டர் முன்னால் போய் இருந்தால் வாய் அடைத்துவிடுகிறது. "பின்பக்கம் ஒரு மாதிரி இருக்கு சேர்", "இருக்கேலாம கிடக்கு" என்று சுற்றிச் சுற்றிக் கதைக்கிறோம். மூலவியாதியை வருடக்கணக்கில் வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்த அப்பாமாரையும் பெரியம்மாமாரையும் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நோவைச் சொல்லவே வார்த்தை இல்லாத இடத்தில் இன்பத்தைப் பற்றி யார் கதைப்பது? அதனால்தான் இதை எழுதுகிறோம். பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள் தொடர்ந்து வாசிக்கலாம்.

நாங்கள் கலைப்பீடத்தில் ஒன்றாகப் படிக்கும் ஐந்து பேர். பால்நிலை, உடல், அதிகாரம் என்று பக்கம் பக்கமாக அசைன்மென்ட் எழுதுகிறவர்கள். போன வருடம் எங்களில் ஒருவர், "மச்சான், உண்மையாக் கேக்கிறன். பின்னால பாவிக்கிற டோய் எல்லாம் உடம்புக்குக் கூடாதோ?" என்று கேட்டபோது எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடிந்த பிறகு பார்த்தால் ஒருவரிடமும் பதில் இல்லை. பூக்கோ என்ன சொன்னார் என்று தெரியும். நேர்குடல் எத்தனை சென்ரிமீற்றர் என்று தெரியாது.

பாடசாலையில் 'சுகாதாரமும் உடற்கல்வியும்' பாடத்தில் இனப்பெருக்கம் பற்றிய அலகு வந்தபோது, "இதை வீட்டில வாசியுங்கோ" என்றுதான் எங்களில் பலருக்குச் சொல்லப்பட்டது. பிறகு தமிழில் தேடினால் ஒன்றில் ஆபாசக் கதை வரும், அல்லது "இது வெள்ளைக்காரனின் பழக்கம்" என்ற புத்திமதி வரும். கடைசியில் மருத்துவபீடத்தில் படிக்கும் சிநேகிதி ஒருத்தியைப் பிடித்தோம். அவள் சிரிக்கவில்லை. பேப்பரில் படம் கீறி விளங்கப்படுத்தினாள். அன்று கேட்டதையும் பிறகு வாசித்ததையும் இங்கே எங்கள் வார்த்தையில் தருகிறோம்.

முன்னரே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இதைச் செய்துதான் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. விருப்பமில்லாதவர் விருப்பமில்லாமலே இருக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விருப்பமுள்ளவர்கள் ஆண், பெண், திருநர், கலியாணம் முடித்தவர், தனியாள் என்று எல்லாரிலும் உண்டு. குதத்தைச் சுற்றி நரம்பு முனைகள் நிறைய இருக்கின்றன. ஆண் உடலில் நேர்குடலின் முன்சுவரை ஒட்டிப் புரஸ்தசுரப்பி இருக்கிறது. அந்த உணர்வு பிடித்திருப்பதை வைத்து ஒருவர் யாரை விரும்புகிறார் என்று முடிவுகட்ட ஏலாது.

உடம்பு எப்படி வேலை செய்கிறது?

குதக்கால்வாயின் நீளம் வெறும் மூன்று, நான்கு சென்ரிமீற்றர்தான். அதைச் சுற்றி இரண்டு இறுக்கித்தசைகள் வளையம்போல இருக்கின்றன. வெளிவளையம் எங்கள் சொல் கேட்கும். நாங்கள் இறுக்கினால் இறுகும், விட்டால் தளரும். உள்வளையம் எங்கள் சொல் கேட்காது. அது தன்பாட்டில் இயங்குகிறது. பயந்தால், பதற்றப்பட்டால், அவசரப்பட்டால் தசைகள் இன்னும் இறுகும். அவசரமாகத் தள்ளினால் நோவதற்கு இதுதான் காரணம். "முதல் தடவை நோகும்தானே, பொறுத்துக்கொள்" என்ற கதை பிழை. நோ என்பது உடம்பு நிற்பாட்டச் சொல்வது. நின்றுவிட வேண்டும்.

கால்வாய்க்கு மேலே நேர்குடல், கிட்டத்தட்ட 12 முதல் 15 சென்ரிமீற்றர். 'நேர்' என்று பெயர் இருந்தாலும் அது நேராக இல்லை, வளைந்து போகிறது. உட்சுவர் மெல்லியது. யோனியைப்போலத் தானாக ஈரலிப்பைச் சுரக்காது. இன்னொரு விசயமும் இருக்கிறது. வாசலுக்குக் கிட்ட நோ நன்றாகத் தெரியும். மேலே போகப்போக வெட்டு, கீறல் நோவை உணரும் நரம்புகள் குறைவு. உள்ளே காயம் பட்டால் உடனே தெரியாமல் போகலாம். ஆகவே மரத்துப்போகச் செய்யும் கிறீம் பூசிக்கொண்டு பாவிப்பது சரியான ஆபத்து. குடித்துவிட்டுப் பாவிப்பதும் அப்படித்தான்.

அகன்ற அடி இல்லாத எதுவும் வேண்டாம்

இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இந்தத் தலைப்பை வையுங்கள். யோனியின் உள்முனையில் கருப்பைக் கழுத்து இருக்கிறது, அதற்கப்பால் சாமான் போகாது. நேர்குடலுக்கு அப்படி ஒரு முடிவு இல்லை. அது பெருங்குடலோடு தொடர்ந்து போகிறது. ஒரு பொருள் முழுதாக உள்ளே போய், பின்னால் இறுக்கித்தசை மூடிக்கொண்டால், பிடித்து இழுக்க ஒன்றும் மிஞ்சாது. இதற்கென்றே செய்த 'பிளக்' வகைச் சாமான்களுக்கு அடியில் அகலமான தட்டு இருப்பது இதற்காகத்தான். அந்தத் தட்டு சாமானின் ஆக மொத்தமான பகுதியைவிட அகலமாக இருக்க வேண்டும், அழுத்தினால் மடங்கவும் கூடாது. மெழுகுதிரி, போத்தல், கரட், டியோடரன்ட் குப்பி எதுவுமே இதற்குச் சரிவராது. கண்ணாடி உடையும், கரட் முறியும், மற்றவை நழுவி உள்ளே போகும்.

எங்கள் பட்ச் பெடியன் ஒருவனுக்கு இது நடந்தது. பெயரில்லாமல் எழுதச் சொன்னவன் அவன்தான். ஒரு வெள்ளிக்கிழமை இரவு, அறையில் கைக்கு எட்டிய ஒரு குப்பி. நழுவிப் போய்விட்டது. ஞாயிறு காலை வரைக்கும் அவன் ஒருவருக்கும் சொல்லவில்லை. பொலிசுக்குச் சொல்லுவினமோ, வீட்டுக்கு அறிவிப்பினமோ, கம்பஸுக்குத் தெரிய வந்தால் என்ன செய்யிறது என்று இரண்டு இரவு படுக்காமல் இருந்திருக்கிறான். சாப்பிடவும் இல்லை. வயிறு நோகத் தொடங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே முதலில் கதைத்த ஊழியர் ஒருவர் சிரித்தார். டொக்டர் சிரிக்கவில்லை. என்ன பொருள், எவ்வளவு பெரிது, எத்தனை மணித்தியாலம் என்று மூன்று கேள்வி கேட்டார். மயக்கிவிட்டு எடுத்தார்கள். அடுத்த நாள் விட்டார்கள். போகும்போது டொக்டர், "வெள்ளிக்கிழமையே வந்திருக்கலாமே தம்பி" என்று மட்டும் சொன்னாராம்.

அவனை இரண்டு இரவு அறைக்குள் வைத்திருந்த பயம் வெறும் கற்பனை என்று சொல்ல முடியாது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' புணர்ச்சியைக் குற்றம் என்கிறது. 365அ பிரிவு 1995 வரை ஆண்களை மட்டும் குறித்தது, அந்த வருடத் திருத்தத்தோடு பெண்களையும் சேர்த்துக்கொண்டது. இவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. ஆனாலும் பிரிவுகள் இன்னும் புத்தகத்தில் இருக்கின்றன. இவை இன்னொருவரோடு செய்வதைப் பற்றிய பிரிவுகள். தனியாக அறையில் இருந்த ஒருவனோடு இவற்றுக்குச் சம்பந்தமில்லை. ஆனால் பயம் பிரிவு இலக்கம் பார்த்து வருவதில்லை. நோயாளி சொல்வதை இரகசியமாக வைத்திருப்பது டொக்டரின் கடமை என்பதை ஒருவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

சாமான் எங்கே கிடைக்கும்?

1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் ஆபாசப் பொருட்களை வியாபாரத்துக்காக வைத்திருப்பதையும் இறக்குமதி செய்வதையும் குற்றமாக்குகிறது. ஆகவே இங்கே திறந்த கடை இல்லை. விற்பவர்கள் ஒளித்து விற்கிறார்கள். என்ன பொருளால் செய்தது என்று கேட்கவும் ஆளில்லை, பிழையென்றால் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. கையில் ஒன்று இருந்தால் மணந்து பாருங்கள். கடும் பிளாஸ்ரிக் மணமும் பிசுபிசுப்பும் இருந்தால் அது மலிவான ஜெலி வகையாக இருக்கலாம். அதில் நுண்துளைகள் இருக்கும், எவ்வளவு கழுவினாலும் கிருமி தங்கும். முழுச் சிலிக்கோன், துருப்பிடிக்காத உருக்கு போன்றவை நல்லவை. சந்தேகமென்றால் ஒவ்வொரு முறையும் புதுக் கொண்டம் போட்டுப் பாவிப்பது நல்லது.

வழுக்கும் ஜெல் கட்டாயம்

துப்பல் போதாது, கெதியாகக் காய்ந்துவிடும். சவர்க்காரமும் ஷாம்பூவும் உட்சுவரை எரிக்கும். தேங்காயெண்ணெயும் வாஸ்லினும் லேற்றெக்ஸ் கொண்டத்தைப் பழுதாக்கிக் கிழியச் செய்யும். நீர் அடிப்படையிலான ஜெல்தான் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். பாமஸியில் கேட்கலாம். அது காய்ந்தால் திரும்பவும் பூச வேண்டும். சிலிக்கோன் ஜெல் நீண்ட நேரம் நிற்கும், ஆனால் சிலிக்கோன் சாமானின் மேற்பரப்பைக் கெடுத்துவிடலாம். இரண்டையும் சேர்க்காமல் விடுவது நல்லது. அளவு? போதும் என்று நினைக்கும் அளவைவிடக் கொஞ்சம் கூட.

ஆறுதலாக

முதலில் ரொயிலற்றுக்குப் போய்விட்டுக் குளியுங்கள். அநேகமாக அதுவே போதும். நேர்குடலில் எப்போதும் மலம் நிறைந்து கிடப்பதில்லை. உள்ளே தண்ணீர் அடித்துக் கழுவுவது கட்டாயமில்லை. கழுவத்தான் வேண்டுமென்றால் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர் மட்டும், சவர்க்காரம் வேண்டாம். அடிக்கடி கழுவினால் உட்சுவர் காயும், எரியும்.

நகத்தை வெட்டிவிட்டு விரலோடு தொடங்குங்கள். ஒருபக்கமாகச் சரிந்து முழங்காலை மடக்கிப் படுத்தால் பலருக்குச் சுகம். முதலில் வெளியில் மட்டும். பிறகு மூச்சை ஆறுதலாக வெளியே விடும்போது, மலம் கழிக்க முக்குவதுபோல மெல்ல முக்கினால் வெளிவளையம் தளரும். அப்போது தள்ளத் தேவையில்லை, தானாக இடம் கிடைக்கும். அது பழகிய பிறகுதான் சாமான், அதுவும் விரலளவு தடிப்பில். முதல் நாளே முழுதாகப் போக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. சில நிமிடம் போதும். எடுக்கும்போதும் அதே ஆறுதல்.

துணையோடு என்றால் நிற்பாட்டச் சொல்லும் சொல்லை முன்னரே பேசி வையுங்கள். ஒருக்கா ஓம் சொன்னவர் நடுவில் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். கெஞ்சி வாங்கும் ஓமை நாங்கள் சம்மதமாக எண்ணமாட்டோம்.

குதத்தில் பாவித்த விரலோ சாமானோ கழுவாமல் யோனிக்குப் போகக் கூடாது, குடல் கிருமியால் தொற்று வரும். இன்னொருவரோடு பகிர்ந்தால் நடுவில் கழுவிப் புதுக் கொண்டம் போடுங்கள். மெல்லிய கீறல் ஊடாக எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி-யும் தொற்றலாம். முடிந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவிக் காயவிடுங்கள். மோட்டர் இல்லாத முழுச் சிலிக்கோன் என்றால் சில நிமிடம் அவிக்கவும் செய்யலாம். போர்டிங்கில் அவிக்கச் சட்டி இரவல் கேட்பது எப்படி என்பதற்கு மட்டும் எங்களிடம் பதில் இல்லை.

மூலம், குதவெடிப்பு, குடல் அழற்சி இருப்பவர்களும் அந்தப் பகுதியில் அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்களும் முதலில் டொக்டரைக் கேளுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

துடைக்கும்போது சொட்டு இரத்தம் கண்டால் நிற்பாட்டி ஆறவிடுங்கள். இரத்தம் நிற்காமல் வந்தால், வயிறு கடுமையாக நொந்தால் அல்லது கல்லுப்போல இறுகினால், காய்ச்சல் வந்தால் உடனே போக வேண்டும். பொருள் உள்ளே போய்விட்டால் குறடு, கரண்டி போட்டுத் தோண்ட வேண்டாம், பேதி மருந்தும் குடிக்க வேண்டாம். நேரம் போகப்போக எடுப்பது கஷ்டம். 1990-க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாலியல் தொற்றுப் பற்றிய சந்தேகமென்றால் அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம், இரகசியமாகவும் வைப்பார்கள்.

அங்கே போய் என்ன சொல்வது என்பதுதான் பலருக்குப் பிரச்சினை. எங்கள் சிநேகிதி மூன்று வசனம் எழுதித் தந்தாள். "எனக்குக் குதத்தில் நோகிறது." "குதத்தினூடாக ஒரு பொருள் உள்ளே போய்விட்டது, இத்தனை மணித்தியாலம்." "இதைத் தனியாகக் கதைக்க வேண்டும்." இதில் ஒரு கெட்ட வார்த்தையும் இல்லை. எல்லாம் பாடப்புத்தகத் தமிழ்தான். அவளுக்கு முன்னால் நாங்கள் ஐந்து பேரும் இவற்றைச் சத்தமாகச் சொல்லிப் பழகினோம். முதல் தடவை ஒருவருக்கும் வசனம் முடியவில்லை, சிரிப்பு வந்தது. நாலாவது தடவையில் சாதாரணமாக வந்தது. நீங்களும் ஒருக்கா சொல்லிப் பாருங்கள்.