மிலாறும் தப்பும்

ஏப்ரல் 25, 2022, திங்கள்

நாட்குறிப்பு எழுதுவதை எப்போதோ விட்டுவிட்டேன். இந்த நாட்களை எழுதி வைக்காவிட்டால் பின்னால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று பட்டதால் பழைய கொப்பி ஒன்றைத் தேடி எடுத்தேன். புதுக்கொப்பி விற்கிற விலைக்கு அதைப் பிள்ளைகளுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

கொரோனாவால் தள்ளிப்போன கல்வியாண்டு போன வாரம்தான் தொடங்கியது. ஆறாம் ஆண்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் அழகியல் பாடம் தெரிவு செய்ய வேண்டும். சித்திரம், சங்கீதம், நடனம், கடைசியில் நாடகமும் அரங்கியலும். கடைசியில் என்று நான் எழுதவில்லை. படிவத்தில் அப்படித்தான் வருகிறது. இந்த முறை என் வகுப்பில் பிள்ளைகள் அதிகம். கலர்ப்பெட்டி வேண்டாம், சலங்கை வேண்டாம், நாடகத்துக்கு வெறும் கையோடு போகலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது உண்மை. அதற்காகவே வந்திருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

டன்சினன், ஷீன், ஹெரோ, ஈட்டன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள். பெயரைச் சொல்லி, அதோடு ஓர் அசைவும் செய்யச் சொன்னேன். ஷீனிலிருந்து வரும் ஒரு சிறுமி பெயரை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டாள். டன்சினன் பையன் ஒருவன் அசைவே செய்யாமல் மேசையில் விரலால் நாலு தட்டுத் தட்டினான். வகுப்பு முழுக்க நிமிர்ந்தது. உடனே கையை மடிக்குள் வைத்துக்கொண்டான்.

ஏப்ரல் 28

நாடு முழுக்க வேலைநிறுத்தம். வகுப்பு இல்லை.

மே 5, வியாழன்

மேசையில் தட்டிய டன்சினன் பையனின் அப்பா வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வரச் சொன்னபிறகும் கதவோரமாகவே நின்றார்.

“டீச்சர், இவனுக்குச் சித்திரம் மாத்திக் குடுங்க. கலர்ப்பெட்டி நான் எப்படியாச்சும் வாங்கிருவேன்.”

ஏன் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

“நான் தோட்டத்துல தப்படிக்கிறவன் டீச்சர். திருவிழான்னாலும் நான்தான், சாவுன்னாலும் நான்தான். காமன் கூத்துல நான் அடிச்சாத்தான் ரதி அழுவும். கூத்து முடிஞ்சப்புறம் எனக்கு வேற கோப்பையில தேத்தண்ணி குடுத்த வீடு இருக்கு. எங்கப்பா அடிச்சாரு. நான் அடிக்கிறேன். இவன் அடிக்க வேணாம்.”

நாடகம் வேறு, தப்படிப்பது வேறு என்றேன்.

“நாடகம்னா மேளம் வரும். மேளம்னா இவன் கையிலதான் குடுப்பீங்க.”

அவன் கையில் தப்பைக் கொடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். யோசித்துப் பார்த்து, சரி, நாடகத்திலேயே இருக்கட்டும் என்றார். இதைச் சொல்ல வந்ததில் அவருக்கு அன்று அரைப்பேர்தான், அரைநாள் கூலி. 2021 மார்ச்சிலிருந்து நாட்கூலி 1,000 ரூபாய். அதில் பாதியை இந்தப் பேச்சுக்குச் செலவு செய்திருக்கிறார்.

இரவு தூக்கம் வரவில்லை. மட்டக்களப்பில், சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நான் படித்த காலத்தில், பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தை மேடையேற்றியதையும், அவருடைய இராவணேசன் கூத்தில் நாடகக் கலைஞர் மௌனகுரு ஆடியதையும் பாடமாகச் சொல்லித் தந்தார்கள். சீலாமுனையில் நாடகக்காரர் ஜெயசங்கரும் ஊர்க்காரர்களும் கூத்தை மீளுருவாக்கம் செய்ததைப் பார்த்து வந்து இரவெல்லாம் பேசியிருக்கிறோம். ஊர்க்கலையை மதிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. கலையை மதிப்பது ஒன்று, அதை அடிக்கிற மனிதனுக்கு எந்தக் கோப்பையில் தேத்தண்ணி கொடுக்கிறோம் என்பது வேறொன்று. இதை எந்தப் பரீட்சையிலும் கேட்கவில்லை.

மே 6

ஹர்த்தால்.

மே 10, செவ்வாய்

நேற்று பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். ஊரடங்கு. மின்வெட்டு வேறு. விளக்கு வெளிச்சத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் பிறந்த மடக்கொம்பரை இங்கிருந்து பக்கம்தான். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். அடுத்த வருடமே இந்தத் தோட்டத்து மக்களுடைய குடியுரிமை பறிபோயிற்று. அவர் காது கொடுத்துக் கேட்ட பாட்டுகளைப் பாடிய கிழவிகளின் பேத்திகளும் கொள்ளுப்பேத்திகளும்தான் என் வகுப்பில் வாய்க்குள்ளே பெயர் சொல்கிறார்கள்.

மே 19, வியாழன்

இன்று நல்ல நாள். சாதாரணதரப் பரீட்சைக்காகப் பள்ளிக்கூடம் மூடுவதற்குள் ஒரு கதை சொல்லிவிட வேண்டும் என்று மக்பெத் கதையை எடுத்தேன்.

ஒரு தளபதி, அரசனைக் கொன்று அரசனாகிறான். பேர்னம் காடு எழுந்து டன்சினன் குன்றுக்கு நடந்து வரும்வரை உனக்குத் தோல்வி இல்லை என்று அவனுக்கு ஒரு வாக்கு. காடு எங்கே நடக்கப்போகிறது என்று அவன் நிம்மதியாக இருக்கிறான்…

டன்சினன் என்ற சொல் வந்ததும் வகுப்பு குழம்பிப்போயிற்று. “நம்ம தோட்டமா டீச்சர்?” “அப்ப இங்க ராசா இருந்தாரா?” “துரை பங்களாவுல இருந்திருப்பாரு.” டன்சினன் ஸ்கொட்லாந்தில் பெர்த்ஷயரில் உள்ள ஒரு குன்று, அங்கேயிருந்து வந்த பெயர்தான் நம் தோட்டத்துக்கும் என்று விளங்கப்படுத்தினேன். ஷேக்ஸ்பியர் அந்த நாடகத்தை எழுதியது 1606ஆம் ஆண்டளவில்; அப்போது இந்த மலைகளில் ஒரு தேயிலைச் செடிகூட இல்லை என்றும் சொன்னேன். ஈட்டன், ஹெரோ என்பவை இங்கிலாந்தின் பள்ளிக்கூடங்கள் என்றதும் அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் தலை நிமிர்ந்தது.

பிறகு படைவீரர்கள் ஆளுக்கொரு கொப்பு வெட்டிப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னேன். எல்லாரும் வாய் பிளந்திருக்கையில் ஷீன் சிறுமி முதல்முறையாகச் சத்தமாகப் பேசினாள்.

“அந்தக் கொப்பையெல்லாம் அப்புறம் என்ன செஞ்சாங்க டீச்சர்?”

எனக்குத் தெரிந்து யாரும் மக்பெத் பற்றி இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஜூன் 8, புதன்

காடு நடக்கும் காட்சியை மட்டும் நாடகமாக்குகிறோம். கவ்வாத்து மலையிலிருந்து ஆளுக்கொரு மிலாறு, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கொப்பு, கொண்டுவரச் சொன்னேன். எல்லாரும் கொண்டுவந்தார்கள். நடக்கச் சொன்னேன். வெறும் நடை. படையும் வரவில்லை, காடும் வரவில்லை. கூனி நடங்கள், காற்றடித்தால் கொப்பு என்ன செய்யும் என்று பாருங்கள், அடுத்தவன் மூச்சைக் கேட்டு அடி வையுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் அந்தக் கூட்டம் மெல்ல அசைந்தது. ஒரு காட்டு நிழல் வகுப்பறைக்குள் நகர்ந்தது போலவே இருந்தது. பன்னிரண்டு வயதுகூட ஆகாத பிள்ளைகள்!

மிலாறுகளை அறை மூலையில் அடுக்கி வைக்கலாம் என்றேன். ஷீன் சிறுமி தன்னுடையதைத் தரவில்லை. “வீட்டுக்குக் கொண்டு போகணும் டீச்சர். அம்மா எண்ணி வச்சிருக்கு.” மண்ணெண்ணெய் வரிசையில் நின்றும் கிடைக்காத வீடு; மிலாறுதான் விறகு. அவள் சொன்னதும் மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். கொப்பையெல்லாம் என்ன செய்தார்கள் என்று அவள் அன்று கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

ஜூன் 16, வியாழன்

காடு நடப்பதற்குத் தாளம் வேண்டும். கோயிலிலிருந்து ஒரு தப்பை இரவல் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன். யார் அடிக்கிறீர்கள் என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. மிலாறுக்குக் கைநீட்டிய அதே பிள்ளைகள். இந்தத் தாளம் கேட்காத திருவிழா இவர்களுக்கு இல்லை. காமன் கம்பம் நட்டதிலிருந்து எரிக்கும்வரை இதன் பின்னால் ஓடியவர்கள். ஒரு காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, ஆளை எழுப்பியதும் இதுவே.

“அது அவுங்க அடிக்கிறது டீச்சர்” என்றது ஒரு குரல். அவுங்க என்றால் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. எல்லார் கண்ணும் ஒரே பக்கம் போயிற்று. அந்தப் பையன் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு மக்பெத் வேஷம் கொடுத்திருந்தேன். “ராசா தப்படிக்க மாட்டார், அவருக்கு வேறு வேலை இருக்கிறது” என்றேன். அவன் முகம் திரும்பியது.

யாரும் வராததால் நானே எடுத்து அடித்தேன். தாளம் பிசகியது. பிள்ளைகளுக்கு அது பிசகு என்று நன்றாகத் தெரிந்தது, நெற்றியைச் சுருக்கினார்கள்.

கோபமாக இருக்கிறது. ஒரே கூரை, ஒரே பீலித் தண்ணீர், ஒரே அரைப்பேர். இதற்குள்ளும் ஒரு கோப்பையைத் தனியாக எடுத்து வைக்க ஒரு வீட்டுக்கு மனம் வந்திருக்கிறது.

ஜூன் 28

நள்ளிரவிலிருந்து அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள். பஸ் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. மழை.

ஜூலை 6, புதன்

அறையில் இருக்க முடியாமல் டன்சினன் பக்கம் நடந்தேன். தென்மேற்குப் பருவமழையில் நீர்வீழ்ச்சி பெருக்கெடுத்துக் கொட்டுகிறது. லயத்துக்கு மேலே பையனின் அப்பா மிலாறு கட்டிக்கொண்டிருந்தார்.

கொழுந்து இல்லை என்றார். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியது இப்போதும் செடியில் தெரிகிறது. கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர். மா விலையில் ரொட்டி ஒரு வேளையாகிவிட்டது. பையன் கொப்புப் பிடித்துக்கொண்டு தங்கைக்கு நாடகம் சொல்லிக் கொடுக்கிறானாம்.

தமிழ்நாட்டில் தப்பைப் பறை என்று சொல்லி இப்போது பெருமையாக அடிக்கிறார்கள், திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவில் பெண்கள் அடிக்கிறார்கள் என்று சொன்னேன். ஆர்வமாகக் கேட்டார். பெண்கள் எப்படித் தோளில் மாட்டுவார்கள், குச்சி எப்படிப் பிடிப்பார்கள் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு கட்டை இறுக்கியபடியே கேட்டார்:

“அவுங்கள மேடைக்குக் கூப்புடுறாங்க, சரி. அடுத்த நாள் சாவு வீட்டுக்கு வந்து அடிடான்னு கூப்புடுவாங்களா டீச்சர்?”

ஒரு கட்டு மிலாறை என்னிடம் கொடுத்தார். வேண்டாம் என்றால் தப்பாக நினைப்பார் என்று வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 13

ஜனாதிபதி நாட்டை விட்டுப் போய்விட்டார்.

ஜூலை 26, செவ்வாய்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, வாரத்தில் மூன்று நாள். சில பிள்ளைகள் வரவில்லை. ஒருத்தி கொழும்பில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்கிறார்கள், விசாரிக்க வேண்டும்.

வந்தவர்களிடம் ஒரு விதி சொன்னேன். இந்த வகுப்பில் தப்பு ஒருவருக்குச் சொந்தமில்லை. சுற்றாக உட்கார்ந்து ஆளுக்கு எட்டு அடி. அடிக்க விருப்பமில்லாதவர் கையால் தாளம் போடலாம், அதுவும் கணக்குத்தான். ராசாவுக்கு விதிவிலக்கு. முதலில் எழுந்து வந்தவள் ஷீன் சிறுமி. சத்தம் போடவே பயப்படுகிற அவள் அடித்த அடியில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

ஆகஸ்ட் 4, வியாழன்

ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து ஆட்சேபம். எங்கள் மகளைத் தப்படிக்க வைத்தது யார் என்று கேட்டிருக்கிறார்கள். ஆசிரியர் அறையிலும் ஒருவர், டேப்பைப் போட்டால் போதாதா, எதற்கு வீண் பிரச்சினை என்றார். இன்னொருவர் ஒன்றும் சொல்லாமல் எனக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

பையனின் அப்பாவுக்கும் இது எட்டியிருக்கிறது. மாலையில் வாசலில் காத்திருந்தார். “எம் பையன் அடிக்கலதானே?” என்றார். இல்லை என்றேன். “அந்தப் புள்ளைக்குக் குச்சி பிடிக்கத் தெரியலன்னு இவன் சொல்றான். வேணும்னா நான் வந்து காட்டிக் குடுக்கிறேன். வகுப்புக்கு உள்ள வந்து.” இதைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. அதிபரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை பெற்றோர் கூட்டம். தப்பு வகுப்பில்தான் இருக்கும், அதைச் சொல்லித்தர அவர் முன்வாசல் வழியாக வந்து ஆசிரியர் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அங்கே சொல்லப்போகிறேன்.