சாண்டோரினி வீடு கடப்பாக்கத்துக்கு செட் ஆகுமா? பெரியம்மா கேட்ட ஒரு கேள்வி!

இன்ஸ்டாகிராமில் வீடு பற்றி ஒரே ஒரு ரீல்ஸ் பார்த்துவிட்டால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு அதே வீடுதான் வந்துகொண்டிருக்கும். செங்குத்தான மலைச்சரிவு, கீழே நீலக் கடல், சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளை வெளேர் வீடுகள். உள்ளே ஒரு சோபா, ஒரு செடி, சுவர் முழுக்கக் கண்ணாடி. 'மெடிட்டரேனியன் மினிமலிஸ்ட்' என்று பெயர். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், இந்தப் படங்கள் தினமும் என் கண்ணில் படும்.

அதில் ஒரு படம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் எங்கள் கடப்பாக்கத்துக்கே வந்து சேர்ந்தது. பெரியப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பணிக்கொடை, சென்னையில் வேலை பார்க்கும் அண்ணன் வாங்கும் 20 வருட ஹோம் லோன் இரண்டையும் சேர்த்து ஊரில் ஒரு வீடு கட்ட முடிவானது. அண்ணன் இன்ஜினீயரிடம் காட்டிய படம் கிரீஸ் நாட்டு சாண்டோரினி ஸ்டைல். சன்ஷேடு கிடையாது. கடல் இருக்கும் கிழக்குப் பக்கம் திறக்க முடியாத முழுக் கண்ணாடி.

பிளானைப் பார்த்த பெரியம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சாயங்காலம் காத்து எந்த வழியாடா உள்ள வரும்?"

"ஏசி போட்டுக்கலாம்மா" என்றான் அண்ணன்.

"பில்லை நான் கட்டணும்" என்றார் பெரியப்பா. பேச்சு அதோடு நின்றுவிட்டது. ஆனால், பெரியம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. அதற்குப் பதில் தேடித்தான் இந்த வீடுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த ஊருக்கு அது சரி!

சாண்டோரினி ஓர் எரிமலைத் தீவு. அங்கே பழைய வீடுகள் பல, சரிவில் இறுகிக் கிடக்கும் எரிமலைச் சாம்பலைக் குடைந்து செய்தவை. உத்தரத்துக்கு மரம் கிடைக்காத ஊர் என்பதால், கூரையை வளைவாகக் கட்டினார்கள். கோடையில் மழையே இல்லாத, வறண்ட வெயில் அடிக்கும் இடம். அதனால் தடித்த சுவர், சின்ன ஜன்னல். வெயிலைத் திருப்பி அனுப்ப வெள்ளைச் சுண்ணாம்பு. குளிர்காலத்தில் பெய்யும் கொஞ்ச மழையையும் கூரையிலிருந்து தொட்டிக்குக் கொண்டுபோய்ச் சேமித்தார்கள். நாம் ஸ்டைல் என்று பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் அந்த ஊரில் ஒரு காரணம் இருக்கிறது. கவனித்தீர்களா, சுவர் முழுக்கக் கண்ணாடி என்பது அந்தப் பழைய வீடுகளில் கிடையவே கிடையாது!

நம் பக்கம் கடலைப் பார்த்த சரிவில் மினிமலிஸ்ட் வீடே இல்லையா? இலங்கையின் தென்கரையில், மிரிஸ்ஸவில் இருக்கிறது. கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1990-களின் இறுதியில், கடலோரச் செம்மண் குன்றின் மேல் வடிவமைத்த ஜெயவர்த்தனே வீடு. மெல்லிய இரும்புத் தூண்கள், அவற்றின் மேல் ஒரு தகரக் கூரை. அவ்வளவுதான் மேலே தெரியும். பெரிய கூடத்துக்குச் சுவரே இல்லாததால் கடல் காற்று குறுக்கே புகுந்து போகும். படுக்கையறைகள் அதற்குக் கீழே தரையோடு அடங்கியிருக்கின்றன. அதைவிட மினிமலாக ஒரு வீட்டை யோசிப்பதே கஷ்டம். ஆனால், அதில் சாண்டோரினியின் சாயல் துளியும் இல்லை.

இந்த ஊரில் என்ன நடக்கும்?

கடப்பாக்கம் சமதளம். மணல், சவுக்கு, பனை, கிழக்கே கழிமுகம், அதைத் தாண்டிக் கடல். ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கரை இது. சாண்டோரினியில் இதில் பாதிகூட இல்லை. நம் கோடையும் வேறு மாதிரி. காற்றில் ஈரம் அதிகம் இருப்பதால் உடம்பு வியர்வை காயாது, புழுங்கும். அதைப் போக்க ஓடுகிற காற்று வேண்டும். மதியத்துக்கு மேல் கடலிலிருந்து அந்தக் காற்று வரும். திறக்க முடியாத கண்ணாடி அதைத்தான் வெளியே நிறுத்திவிடும். காலை வெயிலை மட்டும் தாராளமாக உள்ளே விடும்.

வடகிழக்குப் பருவமழையும் அதே பக்கத்திலிருந்துதான் சாய்ந்து அடிக்கும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கடந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர்.

மேஸ்திரி இன்னொன்று சொன்னார். "மலைச்சரிவுல தண்ணி தானா ஓடிடும் பாப்பா. இங்க மொட்டை மாடிக்கு வாட்டம் சரியா வைக்கலைனா, தண்ணி நம்ம வீட்டுலயே குடியிருக்கும்."

எல்லாவற்றையும்விட உப்புக் காற்று. அது கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு ஏற ஏறக் கம்பி உப்பும், மேல் பூச்சு விரிசல் விட்டு உதிரும். அதனால், கடலோரக் காற்று நேராகப் படும் கான்கிரீட்டில் கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் 'கவர்' வேண்டும், கான்கிரீட் எம்-30 தரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது ஐ.எஸ். 456 விதி. அண்ணன் கொண்டுவந்த படத்தில் இது எதுவும் தெரியாது.

"எனக்கு ஒழுகுற கூரைதான் ஞாபகம் வருது!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணனும் ஆலம்பரைக் கோட்டைக்கு நடந்தோம். முகலாயர் காலத்துக் கோட்டை. 1750-ல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கைக்குப் போனது. 1760-ல் ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். 2004 சுனாமியும் சேதப்படுத்தியது. ஆனாலும் செங்கல்லும் சுண்ணாம்புமாக மிச்சச் சுவர்கள் நிற்கின்றன. துருப்பிடிக்க அதில் கம்பியே இல்லை.

"திண்ணையும் தாழ்வாரமும் வெச்சுக் கட்டலாமே அண்ணா" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ சென்னையில பொறந்தவ. நான் இங்க கீத்துக் கொட்டாயில வளர்ந்தவன். புயல் வந்தா அம்மா என்னை மடியில வெச்சுக்கிட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கும். தாழ்வாரம்னா எனக்கு ஒழுகுற கூரைதான் ஞாபகம் வருது. வெள்ளையா, நேரா, சுத்தமா ஒரு வீடு வேணும்னு நினைச்சேன். அது தப்பா?"

தப்பே இல்லை. 'பாரம்பரிய வீடு' என்று நாம் கட்டுரையில் எழுதுவது, அதில் நனைந்தவர்களுக்கு வேறு ஒன்று. அவனுக்கு அந்த வெள்ளை வீடு, வறுமையிலிருந்து வெளியே வந்ததற்கான அத்தாட்சி.

அவனுக்கு என் போனில் புதுச்சேரி கோல்கொண்டே கட்டடத்தைக் காட்டினேன். 1930-களில் தொடங்கி 1940-களில் முடித்த அரவிந்தர் ஆசிரம விடுதி அது. அன்டனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகாஷிமா கூட இருந்து கட்டினார். முழுக்கக் கான்கிரீட். அலங்காரம் ஒன்றும் கிடையாது. ஜன்னல் கண்ணாடிக்குப் பதிலாக முகப்பு முழுக்கத் திருப்பிக்கொள்ளும் பலகைகள். அறைக் கதவுகளிலும் தேக்குச் சட்டங்களுக்கு நடுவே காற்று போகும் இடைவெளி. தட்டைக் கூரைக்கு மேல் வளைவான இன்னொரு கூரை, நடுவில் காற்று.

அண்ணன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இது பழைய வீடு மாதிரியே இல்லையே" என்றான்.

புதுப் பிளான்

வீடு வெள்ளைதான். நேர்க்கோடுகள்தான். கண்ணாடிச் சுவருக்குப் பதிலாகக் கிழக்கிலும் மேற்கிலும் எதிரெதிரே பலகை ஜன்னல்கள். சுற்றிலும் நான்கடி சன்ஷேடு. கிழக்கே தூண் இல்லாத நீளமான திண்ணை. மாடிக்கு நல்ல வாட்டம், மழைத் தண்ணீர் சம்ப்புக்கு. கண்ணாடிக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் ஒதுக்கிய பணம் கான்கிரீட்டுக்குப் போனது. 45 மில்லிமீட்டர் கவர் பிளாக்குகளைப் பெரியப்பாவே டிக்கெட் எண்ணுவதுபோல எண்ணிப் பார்த்து வாங்கினார்.

வீடு கட்டப்போகிறவர்கள் போனில் எந்தப் படத்தை வேண்டுமானாலும் கொண்டுபோங்கள். கூடவே இன்ஜினீயரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வரும்? மழை எந்தப் பக்கம் அடிக்கும்? கம்பிக்குக் கவர் எவ்வளவு?

கட்டடம் இப்போது லிண்டல் மட்டத்தில் நிற்கிறது. ஐப்பசிக்குள் கூரை போட்டுவிடலாம் என்கிறார் மேஸ்திரி. பெரியம்மா வேலையாட்களுக்கு டீ கொடுத்துவிட்டு, பூசாத கிழக்கு ஜன்னல் ஓரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். மூன்று மணிக்கு மேல் காற்று வருகிறதாம்.